வெள்ளைக்காரனுக்குக் கப்பல் கட்டிய பம்பாய்த் தச்சர்

தோவாளையில் என் பாட்டி வீட்டில் ஒரு தேக்குக் கதவு உண்டு.

பாட்டியின் மாமனார் காலத்தில் போட்ட கதவு அது. மழையில் நனைந்தது. வெயிலில் காய்ந்தது. ஆடி மாதம் முழுவதும் கணவாய்க் காற்று அதைப் போட்டு அறைந்தது. வீட்டுச் சுவர் இரண்டு தடவை இடிந்து, இரண்டு தடவை எழும்பியது. கதவு மட்டும் அப்படியே நின்றது. கரையான்கூட அதன் கிட்டே போகவில்லை.

அந்தக் கதவை நினைக்க வைத்தது ஒரு கப்பல். அதுவும் தேக்கு மரத்தில் செய்ததுதான். அதற்கு வயது 200-க்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது!

இங்கிலாந்து ராஜாவின் கடற்படைக்காகக் கட்டிய போர்க்கப்பல் அது. கட்டிய இடம் நம் பம்பாய். கட்டியவர் ஓர் இந்தியர். கப்பலின் பெயரோ திருகோணமலை. ஆமாம், இலங்கைத் திருகோணமலையேதான்! அந்தத் துறைமுகத்துக்கு அருகே 1782-ல் ஒரு கடற்போர் நடந்தது. அதன் நினைவாக வைத்த பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது டிரிங்கோமலி ஆயிற்று.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்று ஓர் ஊர். அங்கேதான் அந்தக் கப்பல் இப்போது பொருட்காட்சிச் சாலையாக நிற்கிறது. டிக்கெட் வாங்கியவர் யாரும் ஏறிப் பார்க்கலாம். நாமும் ஏறுவோம்.

14 அங்குலப் படுக்கை

மேல் தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மூன்று பாய்மரங்கள். எங்கு பார்த்தாலும் கயிறு.

கீழே இறங்கினால் பீரங்கித் தளம். நீளம் 150 அடி, அகலம் சுமார் 40 அடி. இரண்டு பக்கமும் பீரங்கிகள், சதுரத் துவாரங்கள் வழியாக வெளியே முகம் நீட்டி நிற்கின்றன.

அதற்கும் கீழே மாலுமிகள் தங்கிய தளம். அங்கே குனிந்துதான் நடக்க வேண்டும். உத்தரத்தில் தூளி கட்டித் தூங்கினார்கள். தூளி என்றால் குழந்தைத் தூளி அல்ல, முரட்டு ஆண்கள் படுக்கிற தூளி. அந்தக் காலத்துக் கடற்படையில் ஓர் ஆள் தூளி கட்ட அளந்து கொடுத்த இடம் 14 அங்குலம். உங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து பாருங்கள். அதைவிடக் குறைவு!

கப்பலின் முகப்பில் மரத்தில் செதுக்கிய ஓர் ஆள் உருவம் இருக்கிறது. மீசை வைத்திருக்கிறது. தலைப்பாகை கட்டியிருக்கிறது. இங்கிலாந்துத் துறைமுகத்தில் தலைப்பாகைக்காரருக்கு என்ன வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கப்பல் எங்கிருந்து வந்தது என்பதை அந்தத் தலைப்பாகையே சொல்லிவிடுகிறது.

காலப்போக்கில் பல பலகைகளை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கப்பலின் உடலில் பாதிக்கு மேல் பழைய தேக்குத்தான். தோவாளைக்கு வடக்கே எழுந்து நிற்கிறதே மலை, அந்த மலைத்தொடர்தான் மலபாரைத் தொட்டுக்கொண்டு போய்ப் பம்பாயையும் தாண்டுகிறது. மலபார்க் காட்டில் வெட்டிய தேக்கு ஆற்றில் மிதந்து கடற்கரைக்கு வரும். அங்கிருந்து கடல் வழியாகப் பம்பாய் போகும். அங்கே ஜாம்ஷெட்ஜி காத்திருப்பார்.

அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மாதம் 12 ரூபாய்

ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1754-ம் ஆண்டில் பிறந்தார். பார்சி குலம். பார்சிகள் என்போர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து குஜராத்துக் கரைக்கு வந்து குடியேறியவர்கள். நெருப்பைப் புனிதமாகப் போற்றுகிறவர்கள். வாடியா என்றால் கப்பல் தச்சர் என்று பொருள். தொழிலே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

அவருடைய பாட்டனார் லோவ்ஜி, சூரத்தில் கப்பல் தச்சு மேஸ்திரியாக இருந்தவர். அவருடைய கைத்திறனைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1736-ல் அவரைப் பம்பாய்க்கு அழைத்து வந்தார்கள். சில தச்சர்களையும் கூட்டிக்கொண்டு அவர் வந்தார். பம்பாய் அப்போது பெரிய பட்டணம் அல்ல. கப்பல் துறையும் சிறியது.

1750-ல் அங்கே ஓர் உலர்துறை எழுந்தது. உலர்துறை என்றால் என்ன? கடல் ஓரமாகப் பெரிய கிடங்கு ஒன்று கட்டுவார்கள். கப்பலை உள்ளே விட்டு மதகை அடைப்பார்கள். தண்ணீரை வெளியேற்றினால் கப்பலின் அடிப்பாகம் வெளியே தெரியும். நின்றுகொண்டு வேலை பார்க்கலாம். வேலை முடிந்ததும் மதகைத் திறந்தால் கடல் உள்ளே வந்து கப்பலைத் தூக்கிக்கொள்ளும். ஆசியாவில் இப்படி எழுந்த முதல் துறை அதுதான் என்பார்கள்.

லோவ்ஜி நினைத்திருந்தால் பேரன்மாரை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஜாம்ஷெட்ஜியின் கையிலும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பிராம்ஜியின் கையிலும் வாச்சியைக் கொடுத்தார். மற்றத் தச்சர்களோடு நின்று மரம் செதுக்கச் சொன்னார். சம்பளம் மாதம் 12 ரூபாய். பெரிய மேஸ்திரியின் பேரன் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லை.

மரத்தைத் தட்டி அதன் சத்தத்தைக் கேட்பது, வளைந்த மரம் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்த்ததும் சொல்வது, பலகையைப் பலகையோடு சேர்ப்பது எல்லாம் வேலை செய்த இடத்திலேயே பழக வேண்டியவை. ஏட்டைப் படித்து வருகிற வித்தை அல்ல.

பஞ்சும் குங்கிலியமும்

பலகை சேர்ப்பதில்தான் பம்பாய்த் தச்சர்களின் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

சீமையில் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். நடுவில் இருக்கும் இடுக்கில் பழங்கயிற்று நாரைத் திணித்துத் தார் பூசுவார்கள். பம்பாயில் அப்படி அல்ல. ஒரு பலகையின் விளிம்பில் பள்ளம் எடுப்பார்கள். அடுத்த பலகையின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்காரும். கதவுப் பலகைகளை நம் ஊர் ஆசாரிமார் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். நடுவில் பஞ்சு வைத்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். தண்ணீர் நுழைய வழி ஏது?

இதோடு தேக்கின் குணமும் சேர்ந்தது. சீமைக் கப்பல்கள் ஓக் மரத்தில் செய்தவை. ஓக் உறுதியான மரம்தான். ஆனால் அதில் உள்ள புளிப்புச் சத்து இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இருப்பதோ எண்ணெய்ப் பசை. அது ஆணியைக் காப்பாற்றும். சுலபத்தில் உளுத்தும் போகாது.

ஓக் மரத்துக்கும் பஞ்சம் வந்தது. பிரான்சோடு ஓயாத சண்டை. நெல்சன் பிரபுவின் விக்டரி என்ற ஒரு கப்பலுக்கு மட்டும் சுமார் 6,000 மரம் செலவானது என்று கணக்குச் சொல்வார்கள். காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு, சீமைக்காரர்கள் நம் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

கப்பலுக்குள் ஓர் எழுத்து

1792-ல் ஜாம்ஷெட்ஜியும் பிராம்ஜியும் பம்பாய்த் துறையின் தலைமைத் தச்சர்கள் ஆனார்கள். ஜாம்ஷெட்ஜிக்கு அப்போது வயது 38.

இந்தியாவில் கட்டிய கப்பல்கள் சீமைக்குப் போகத் தொடங்கியதும், தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டுகிற முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். தங்கள் பிழைப்பே போய்விடும் என்றார்கள். தொழிலில் தோற்கிறவன் சட்டத்தைத் தேடி ஓடுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

பம்பாயிலும் நிலைமை சுகமாக இல்லை. தலைமைத் தச்சர் என்று பெயர் இருந்தாலும் அவருக்கு மேலே வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். கறுப்பன் என்பது அந்த நாளில் சாதாரணமாக வந்து விழுகிற சொல். அதற்கு முன்னால் ஒரு வசைச் சொல்லையும் சேர்த்தே சொல்வார்கள்.

1800-ல் கம்பெனிக்காக கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலை ஜாம்ஷெட்ஜி கட்டினார். அந்தக் கப்பலைப் பற்றி ஒரு கதை உண்டு.

கப்பல் உருவாகிக்கொண்டிருந்த சமயம். உள்ளே, அடிப்பாகத்து மரம் ஒன்றில், யார் கண்ணிலும் எளிதில் படாத இடத்தில், ஜாம்ஷெட்ஜி சில எழுத்துக்களைச் செதுக்கினாராம். பாழாய்ப்போன கறுப்பன் ஒருவன் இந்தக் கப்பலைக் கட்டினான் என்பது அதன் பொருள். கூடவே ஆண்டையும் போட்டார். வெள்ளைக்காரர்கள் வைது வழங்கிய அதே சொல்லை எடுத்து, அவர்களுடைய கப்பலுக்குள்ளேயே பொறித்துவிட்டார்! யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கப்பல் கடலுக்குப் போயிற்று. புயலைப் பார்த்தது. பல ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்கத் திரும்பி வந்தது. கப்பல் இவ்வளவு உறுதியாக இருக்கிறதே என்று அதிகாரிகள் வியந்தார்கள். அப்போது ஜாம்ஷெட்ஜி அவர்களை உள்ளே அழைத்துப் போய் அந்த எழுத்தைக் காட்டினாராம்.

இது பார்சிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. நடந்தபடியே நமக்கு வந்து சேர்ந்ததா, வழியில் கொஞ்சம் வளர்ந்ததா என்று கேட்டால், கதைகள் வளரத்தான் செய்யும் என்பேன். ஆனால் கோபத்தை வாயால் கொட்டாமல் உளியால் செதுக்கியது ஒரு தச்சர் செய்யக்கூடிய காரியம்தான். அதனால் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

1804-ல் கம்பெனியார் அவருக்கு வெள்ளியில் ஓர் அளவுகோல் பரிசாகக் கொடுத்தார்கள். நம் ஆசாரிமார் கையில் முழக்கோல் இருக்கிறதே, அது மாதிரி. அதே ஆண்டில் பிராம்ஜி காலமானார். பொறுப்பு முழுவதும் ஜாம்ஷெட்ஜியின் தலையில் விழுந்தது.

மூழ்கிப்போன வரைபடம்

அதற்குப் பிறகு வந்தவைதான் பெரிய கப்பல்கள்.

1805-ல் ஒரு போர்க்கப்பல். பின்னால் அதற்கு சால்செட் என்று பெயர் மாறியது. ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடலில் அது பல வாரம் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. பனி நெருக்கியும் அதன் உடல் நொறுங்கவில்லை. தப்பி வந்துவிட்டது.

1810-ல் மிண்டன் என்ற கப்பல், 74 பீரங்கிகளோடு கடலில் இறங்கியது. போர் வரிசையின் முதல் அணியில் நின்று சண்டையிடுகிற பெருங்கப்பல் அது. பிரிட்டிஷ் கடற்படைக்காக அவ்வளவு பெரிய கப்பலை அவர்கள் நாட்டுக்கு வெளியே கட்டியது அதுவே முதல் தடவை. கட்டிய இடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தச்சர்கூட இல்லை. மரம் தேர்ந்தது முதல் கடைசி ஆணி வரை எல்லாம் ஜாம்ஷெட்ஜியும் அவருடைய ஆட்களும்தான்.

1813-ல் இன்னொரு கார்ன்வாலிஸ். இதுவும் 74 பீரங்கிக் கப்பல்.

அடுத்து வெல்லஸ்லி என்ற கப்பலைக் கட்ட உத்தரவு வந்தது. அதற்கு வேண்டிய வரைபடத்தைச் சீமையிலிருந்து ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஜாவாவை அடித்துப் பிடித்தது. ஜாவாவும் போயிற்று, வரைபடமும் போயிற்று!

வரைபடம் இல்லாவிட்டால் என்ன? கட்டி முடித்த கார்ன்வாலிஸின் அளவுகள் ஜாம்ஷெட்ஜியிடம் இருந்தன. அவற்றையே வைத்து வெல்லஸ்லியைக் கட்டினார். 1815-ல் அது கடலில் இறங்கியது. அந்தக் கப்பலின் ஆயுசைக் கேளுங்கள். 125 ஆண்டுகள்! கடைசிக் காலத்தில் தேம்ஸ் நதியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கப்பலாக நின்றது. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுத்தான் அதை மூழ்கடித்தன. அதன் மரத்தில் கொஞ்சத்தை எடுத்து, குண்டு வீச்சில் சேதப்பட்ட லண்டன் நீதிமன்றக் கட்டடத்தைச் சீர்செய்யப் பயன்படுத்தினார்கள்.

வெள்ளி ஆணி

இப்போது நம் திருகோணமலைக்கு வருவோம்.

கட்டச் சொல்லி உத்தரவு வந்தது 1812-ல். வேலை தொடங்கியது 1816-ல். கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டைக்கு ஏரா என்று பெயர். ஏரா போட்டதும் பார்சிகள் ஒரு சடங்கு செய்வார்கள். எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றைத் தலைமைத் தச்சர் அந்தக் கட்டையில் அடிப்பார். அப்போதுதான் கப்பலுக்கு நன்மை வரும் என்பது நம்பிக்கை. வீடு கட்டுமுன் நாம் வாஸ்து பூஜை செய்வதில்லையா?

அந்த வருஷம் மே மாதம், 62 வயது ஜாம்ஷெட்ஜி தம் கையாலேயே வெள்ளி ஆணியை அடித்தார். ராஜாவின் கப்பல், கிறிஸ்தவ மாலுமிகள், மலபார்த் தேக்கு, தமிழ்த் துறைமுகத்தின் பெயர், பார்சிச் சடங்கு! எல்லாம் ஒரே கட்டையில் வந்து சேர்ந்தன.

1817 அக்டோபர் 12-ந் தேதி கப்பல் கடலில் இறங்கியது. கட்டுமானச் செலவு 23,000 பவுன்.

முதல் பயணத்தில் 1819 ஜனவரியில் அது செயின்ட் ஹெலினா தீவைத் தொட்டது. தோற்றுப்போன நெப்போலியனைச் சிறை வைத்திருந்த தீவு அது. அவருக்கு வைத்தியம் பார்த்த ஸ்டோக்கோ என்ற டாக்டர் அங்கே கப்பலில் ஏறினார். ஏப்ரல் 30-ந் தேதி கப்பல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறையை அடைந்தது. அதற்குள் சண்டை ஓய்ந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. எதிரிக்காகக் கட்டிய கப்பல் போனபோது எதிரி இல்லை! பாய்மரத்தைக் கழற்றி ஓரமாகக் கட்டிப்போட்டார்கள்.

மற்றக் கப்பல்களுக்கு வேலை இருந்தது. வெல்லஸ்லி 1839-ல் கராச்சியைப் பிடிக்கப் போனது. சீனாவில் அபின் யுத்தம் நடந்தது. இந்தியாவில் விளைந்த அபினைச் சீனர் தலையில் கட்டுவதற்காக நடந்த யுத்தம் அது. தோற்ற சீனா 1842-ல் ஹாங்காங்கைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது. கையெழுத்து நடந்த இடம் நான்கிங் நகருக்கு அருகே நின்ற கார்ன்வாலிஸ் கப்பல். ஜாம்ஷெட்ஜி கட்டிய அதே கப்பல்! அப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? வாச்சி பிடித்தவருக்கு, கப்பல் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற அதிகாரம் இல்லை. ஆனால் அந்தக் கப்பல் இல்லாமல் அந்தக் காரியம் இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

நம் மலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கப்பலுக்காக வெட்டி வெட்டி மலபாரில் பெரிய தேக்கு அரிதாயிற்று. கடைசியில் 1840-களில் நிலம்பூரில் தேக்கைக் கன்று வைத்து வளர்க்க வேண்டி வந்தது.

கட்டி முடிக்காத கப்பல்

ஜாம்ஷெட்ஜியின் கடைசி வேலை கங்கை என்ற பெருங்கப்பல். 84 பீரங்கிகளைத் தாங்க வேண்டிய கப்பல். அது துறையில் பாதி எழும்பி நின்றபோதே, 1821 ஆகஸ்ட் 31-ந் தேதி அவர் காலமானார். வயது 67. மகன் நவ்ரோஜி வேலையை முடித்தார். நவம்பர் 10-ந் தேதி கங்கை கடலில் இறங்கியது.

அந்தக் குடும்பத்தில் பிறந்த அர்தேசர் கர்சேத்ஜி, 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அங்கத்தினர் ஆனார். அந்த விஞ்ஞான சபையில் இடம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பெயர் மாறித் தப்பியது

போர்ட்ஸ்மவுத்தில் கட்டிக் கிடந்த திருகோணமலை என்ன ஆயிற்று? 1840-களில் மறுபடி பாய் விரித்தது. மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் கடல் என்று சுற்றியது. பிறகு பயிற்சிக் கப்பல் ஆயிற்று. 1897-ல் உடைத்து விறகாக்க விற்றுவிட்டார்கள்.

நல்ல காலம், அப்போது வீட்லி காப் என்ற செல்வர் ஒருவர் கப்பல் தேடிக்கொண்டிருந்தார். பையன்களுக்குக் கடல் பயிற்சி கொடுக்க அவர் வைத்திருந்த பூட்ராயன்ட் என்ற கப்பல் அந்த ஆண்டில்தான் புயலில் கரையில் மோதி நொறுங்கியிருந்தது. விறகுக்குப் போன கப்பலை அவர் வாங்கினார். தம் பழைய கப்பலின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார். திருகோணமலை என்ற பெயர் மறைந்தது. கப்பல் பிழைத்தது. 1986 வரை பிள்ளைகள் அதில் கடல் வேலை பழகினார்கள்.

1987-ல் அதை ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு வந்தார்கள். பழுது பார்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1992-ல் பழைய பெயர் திரும்ப வந்தது. மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் இதைவிட மூத்தது அமெரிக்காவில் நிற்கிற கான்ஸ்டிடியூஷன் ஒன்றுதான். 1812-ல் ஜாவாவைப் பிடித்து, ஜாம்ஷெட்ஜிக்கு வந்த வரைபடத்தைப் போக்கடித்ததே, அதே கப்பல்!

லண்டனில் கிரீனிச் கடற்பொருட்காட்சிச் சாலையில் ஜாம்ஷெட்ஜியின் ஓவியம் இருக்கிறது. வெள்ளை அங்கியும் சால்வையும் அணிந்திருக்கிறார். கம்பெனியார் கொடுத்த வெள்ளி அளவுகோலை இடுப்பில் செருகியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியாக ஒரு கப்பல் தெரிகிறது. அது மிண்டன். அதை 1861-ல் ஹாங்காங்கில் உடைக்க விற்றுவிட்டார்கள். அந்தப் படத்தில் திருகோணமலை இல்லை. மிதப்பது அதுதான்.